எஸ்தருக்கு நான் கொடுத்த நற்சான்று

என் அண்ணன் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்.

பேனா பிடித்து எழுதி, சபையின் முத்திரையைக் குத்தி, தபாலில் சேர்த்துக் கெடுத்தேன். ஆண்டவரின் பெயரால் கெடுத்தேன். உண்மையில் ஒரு கட்சிக்காகக் கெடுத்தேன். இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால்... கட்சிக்காகவும் இல்லை. அதையும் சொல்கிறேன். இரு.

இதை வாசிக்கிற நீ யாரென்று எனக்குத் தெரியாது. வேதக்காரனாக, அதாவது கிறிஸ்தவனாக, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்தக் கொடியின் கீழ் நிற்கிறாய் என்றும் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாதி வாசித்ததும் என்னை மன்னித்துவிடாதே. கிழவன் அழுகிறான் என்று இரங்கிவிடாதே. நான் அழவில்லை. அழ முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

என் பெயர் ஞானமுத்து. குத்தாலத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் இருக்கும் ஒரு சிறிய சபையில் முப்பது வருடத்துக்கு மேல் உபதேசியாராக இருந்தேன். ஓடு வேய்ந்த கோயில், ஒரு மணி, நாற்பது குடும்பங்கள். நாற்பதும் பண்ணை வேலைக்குப் போன குடும்பங்கள். எங்கள் குருவானவரை ஐயர் என்போம். அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு தரங்கம்பாடிச் சாலை வழியாக சைக்கிளில் வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்க பீடம் என்னுடையது. ஞானஸ்நானப் பதிவேடும், கல்யாண ஓலைகளும், சபையின் ரப்பர் முத்திரையும் என் பெட்டியில்தான் இருந்தன.

அந்த முத்திரையின் கனம் உனக்குத் தெரியுமா? ஒரு சபையின் பெண்ணை வேறொரு சபைக்குக் கல்யாணம் செய்து கொடுப்பதென்றால், பெண்ணின் சபையிலிருந்து ஒரு நற்சான்று போக வேண்டும். இவள் இன்னார் மகள், ஞானஸ்நானம் பெற்றவள், திருவிருந்தில் பங்குபெறுகிறவள், நன்னடத்தை உள்ளவள். நான்கு வரி. கீழே என் கையெழுத்து. அதன்மேல் முத்திரை. அந்த நான்கு வரி வந்து சேராமல் மாப்பிள்ளை வீட்டுச் சபையில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்கமாட்டார்கள்.

ஆபிரகாம் என் பெரியப்பா மகன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் தரங்கம்பாடி மிஷன் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தபோது அவர் பண்ணையில் மாடு மேய்த்தார். நான் வேதபாடம் ஒப்பித்துப் பரிசு வாங்கியபோது அவர் ஏர் பிடித்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் பேசுவார்! களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலின் வாயைக் கையால் தட்டிக் குறைக்கிறவனைப் பார்த்து, எல்லார் முன்னிலும், சிரித்துக்கொண்டே, “தட்டாம அளங்க” என்று சொல்லக்கூடிய ஆள் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

ஆட்சி மாறி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்து ஊர்களில் செங்கொடிச் சங்கம் பரவியிருந்தது. அறுப்புக் கூலியாகக் கலத்துக்கு அரை மரக்கால் கூடுதலாகக் கேட்டார்கள். பண்ணைகள் மறுத்தன. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கின. வயலில் அடிதடி, பிறகு போலீஸ், பிறகு வழக்கு. எங்கள் ஊரில் சங்கத்தை ஆரம்பித்தவர் ஆபிரகாம் அண்ணன். தெருமுனையில் மூங்கில் நட்டு, செங்கொடி ஏற்றினார். ஏற்றுவதற்கு முன் கண்மூடி ஜெபித்தார். சங்கத்துத் தோழர்கள் சங்கடத்தோடு நின்றார்களாம். எனக்கு அதைக் கேட்டபோது கோபம் வந்தது. எதற்கு? அவர் கொடியேற்றியதற்கா, ஜெபித்ததற்கா?

நான் ஆளுங்கட்சிக்காரன். அதை மறைக்க ஒன்றுமில்லை. தாழ்ந்து கிடந்தவன் நிமிர்வான் என்று அவர்கள் மேடையில் பேசியதைக் கேட்டு மெய்சிலிர்த்தவன். அவர்களின் தமிழைக் கேட்டே என் பிரசங்கத் தமிழைத் திருத்திக்கொண்டவன். அந்த நம்பிக்கையில் குற்றமில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

குற்றம் தொடங்கியது ஒரு நாற்காலியில்.

எங்கள் ஊர்ப் பண்ணையார் அதுவரை பழைய கட்சியில் இருந்தவர். ஆட்சி மாறிய ஆறாம் மாதமே துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். ஒருநாள் காலையில் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். என் தகப்பனார் அந்த வீட்டு வாசலில் கைகட்டி நின்றதைப் பார்த்தவன் நான். சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஆம், கையில்தான். பகுத்தறிவு பேசிய கட்சியின் உறுப்பினர் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது; செருப்பு என் கையில் இருந்தது.

“வாங்க உபதேசியாரே. உக்காருங்க” என்றார் பண்ணையார்.

நாற்காலி! எனக்கு! நான் உட்கார்ந்தேன்.

நீ எந்த வீட்டில் பிறந்தவனோ தெரியாது. ‘வா’ என்ற சொல்லோடு ‘ங்க’ என்ற ஒட்டு சேர்வது உனக்கு மூச்சு விடுவது போல இயல்பாக இருக்கலாம். முப்பத்தைந்து வயதுவரை அந்த வீட்டாரிடமிருந்து ‘ஏலே’யும் ‘டா’வும் மட்டுமே கேட்ட காதுக்கு அது என்ன செய்யும் என்று உனக்கு எப்படித் தெரியும்? என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. என்னைப் படைத்தவர் இருபது வருட ஜெபத்தில் தராத ஒன்றை இந்த மனிதர் ஒரு நொடியில் தந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் பேசியதெல்லாம் நிதானமான பேச்சு. உங்கள் அண்ணன் செய்வது சரியில்லை, நாமெல்லாம் ஒரே கட்சி, கடவுள் இல்லையென்கிற கூட்டத்தோடு உங்கள் வேதக்கார ஜனம் போகலாமா, நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கடைசியாக, கல்லறைக்குப் பாதை. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவில் அவருடைய வயல் கிடந்தது. சம்பா நட்டிருக்கும் மாதங்களில் யாராவது இறந்தால் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடப்போம். ஒருமுறை பெட்டி சரிந்து விழுந்திருக்கிறது. பாதை கேட்டு நானே மூன்று மனுக் கொடுத்திருந்தேன். அறுப்பு நல்லபடி முடியட்டும், பார்க்கலாம் என்றார் பண்ணையார்.

பாதைக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபையின் நன்மைக்காக... செத்தவர்களின் மரியாதைக்காக... பொய்! அந்த ‘ங்க’வுக்காகச் செய்தேன்.

இல்லை, அதுவும் முழு உண்மையில்லை.

ஒரு சாயங்காலம் சங்கத்தின் கூட்டம் களத்து மேட்டில் நடந்தது. சைக்கிளில் போகிறவன் போல நின்று பார்த்தேன். என் பிரசங்கத்தில் முதல் பத்து நிமிடத்தில் தூங்கிப்போகிறவர்கள் எல்லாரும் அங்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுத்து வாசனை இல்லாத என் அண்ணன் பேசினார். ஒருவரும் கண்ணிமைக்கவில்லை. அவர் கையை உயர்த்தினார், இவர்கள் கையை உயர்த்தினார்கள். என் ஜனங்கள்! நான் ஞானஸ்நானப் பெயர் எழுதிய ஜனங்கள்!

அன்றைக்குத்தான் என் நெஞ்சில் அது உட்கார்ந்தது. அதற்கு நான் ‘விசுவாச வைராக்கியம்’ என்று பெயரிட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு முதல் பிரசங்கத்தில் சங்கத்தைத் தாக்கினேன். அதிகாரத்துக்கு அடங்கியிருப்பதே பக்தி என்றேன். செங்கொடி பிடித்த கையால் திருவிருந்தை வாங்கலாகாது என்றேன். ஐயருக்குத் தெரியாமல், எந்தச் சட்டத்திலும் இல்லாததை, நானாகச் சொன்னேன். ஆராதனை முடிந்து வாசலில் வைத்து, பெண்கள் குழந்தைகள் எல்லாரும் நிற்க, ஆபிரகாம் அண்ணன் என்னைக் கேட்டார்.

“உன் கட்சிக்காரங்க மேடையில சாமியே இல்லேன்னாங்க. அதுக்கு நீ முன்வரிசையில உக்காந்து கை தட்டுன. இவங்க சாமியப் பத்தி பேசவே இல்லியேப்பா. கூலியப் பத்தித்தானே பேசுறாங்க. கொடி வயித்துக்கு, சிலுவை உசுருக்கு. ரெண்டையும் நீ ஏன் போட்டுக் கொழப்புற?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பதில் வேண்டிக் கேட்டார். யாரோ ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் முகத்தில் அறைந்தது. நான் உள்ளே போய்விட்டேன். இந்த மனிதனைக் கீழே தள்ள வேண்டும். எப்படியாவது! அவ்வளவுதான் அப்போது என் ஜெபம்.

எஸ்தர் அவருடைய மூத்த மகள். பத்தொன்பது வயது. பள்ளி இறுதிவரை படித்தவள், எங்கள் தெருவில் அதுவரை படித்த ஒரே பெண். கோயிலில் கீர்த்தனை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் முதல் அடியை எடுக்காவிட்டால் எங்கள் ஜனம் ஆளுக்கொரு சுருதியில் போகும். என்னை ‘சித்தப்பா’ என்பாள். சங்கத்தில் மனு எழுத ஆளில்லை என்று இரண்டு மூன்று முறை அப்பாவோடு போய், நடுவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அவளுக்குத் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல சம்பந்தம் கூடிவந்தது. பையன் சாமுவேல், மிஷன் பள்ளியில் ஆசிரியர். தகப்பனார் வேதமாணிக்கம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தம் சபையில் மூப்பர். கண்டிப்பானவர், சொல் பிசகாதவர். பெண் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. பூ வைத்துவிட்டுப் போனார்கள். எஸ்தர் அந்த வாரம் பாடிய பாட்டில் ஒரு துள்ளல் இருந்தது. எனக்கு அது கேட்டது. கேட்டும்...

வேதமாணிக்கம் நற்சான்று கேட்டு எழுதினார். அறுப்புக்கு மூன்று வாரம் இருந்தது. பண்ணையார் வீட்டு நாற்காலியில் அதற்குள் நான்கு முறை உட்கார்ந்துவிட்டேன். ஆபிரகாமைத் தட்டி வைக்க ஒரு வழியும் இல்லையா என்று கடைசி முறை அவர் கேட்டிருந்தார். மகள் கல்யாணம் முடியட்டும், ஆள் அடங்கிவிடுவான் என்றேன் நான். கல்யாணம் நின்றுபோனால் என்று கேட்டார் அவர். கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆணையிடவில்லை. நான் அவர்மேல் பழி போட நீ இடம் கொடுத்துவிடாதே.

நான் எழுதியதை உனக்கு அப்படியே தருகிறேன். ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

‘மேற்படி எஸ்தர் இச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவள். இவளுடைய தகப்பனார் தேவபக்தியற்ற கட்சியைச் சேர்ந்தவர். இவளும் அக்கட்சியின் கூட்டங்களுக்கு ஆடவரோடு போய்வருவது ஊரறிந்தது. மேற்கொண்டு எழுத என் ஊழியம் இடம் தரவில்லை.’

பார்த்தாயா? இதில் எது பொய் என்று காட்டு. கூட்டத்துக்குப் போனாளா, போனாள். அங்கே ஆண்கள் இருந்தார்களா, இருந்தார்கள். அந்தக் கடைசி வரி... அந்தக் கடைசி வரியில் நான் ஒன்றுமே எழுதவில்லை. ஒன்றுமே எழுதாமல் ஒரு பெண்ணைச் சாக்கடையில் தள்ள முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேதபாடத்தில் பரிசு வாங்கியவன் அல்லவா!

முத்திரையை இரண்டுமுறை குத்தினேன். முதல்முறை சரியாகப் பதியவில்லை.

பத்தாம் நாள் வேதமாணிக்கத்திடமிருந்து அண்ணனுக்குக் கடிதம் வந்தது. இந்தக் காரியம் கர்த்தருக்குச் சித்தமில்லை, வேறிடம் பாருங்கள் என்று இரண்டு வரி. அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டியவளே எஸ்தர்தான். அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.

அவர் நேரே என்னிடம் வந்தார். கோயிலில் முழங்கால்படியிட்டார். யாரோ நடுவில் புகுந்து கெடுத்துவிட்டார்கள், ஜெபம் பண்ணு தம்பி என்றார். நான் அவர் தலைமேல் கை வைத்தேன். இந்தக் குடும்பத்துக்கு விரோதமாக எழும்பிய சத்துருவின் முகத்தை வெளிப்படுத்தும் ஆண்டவரே என்று உரக்க ஜெபித்தேன்.

ஆமென் என்றார் அண்ணன்.

நானும் சொன்னேன்.

கொடியினால்தான் சம்பந்தம் முறிந்தது என்று அவர் முடிவுக்கு வந்தார். அப்படி முடிவுக்கு வர நான்தான் பக்குவமாக உதவினேன். மறுநாள் காலையில், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தான் நட்ட மூங்கிலைத் தானே பிடுங்கினார். கொடியை அவிழ்த்து மடித்து, சங்கத்து ஆள் ஒருவர் கையில் கொடுத்தார். அந்த ஆள் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போனார். என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார் அண்ணன். கட்சியை விட்டுவிட்டேன் என்று சம்பந்தியிடம் சொல்லப் போகிறாராம். உபதேசியார் கூட வந்தால் நம்புவார்களாம்.

வேதமாணிக்கத்தின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்தது. அண்ணன் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார். பண்ணையார் முன்னால்கூட அவர் துண்டை இடுப்பில் கட்டி நான் பார்த்ததில்லை. வேதமாணிக்கம் கேட்டு முடித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். சங்கடமும் மரியாதையும் கலந்த பார்வை. பாவம், இந்த மனிதரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று நாம் இருவரும் ஒத்துக்கொள்வோம் என்கிற பார்வை.

“கொடி காரணமில்லீங்க” என்றார். “மேல கேக்காதீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. உங்க உபதேசியார் மாதிரி ஒருத்தர் கெடச்சது உங்க சபைக்கு ஆசீர்வாதம்.”

அண்ணனுக்கு விளங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

அந்தக் கணத்தில் வாயைத் திறந்திருந்தால்? எழுதியது நான்தான், எஸ்தர் மாசற்றவள் என்று ஒரே ஒரு வாக்கியம்... எல்லாம் நேராகியிருக்கும். காபி ஆறிக்கொண்டிருந்தது. எடுத்துக் குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பினோம். ஊர் எல்லையில் இறங்கியதும், கொடியையும் எறக்கிட்டேன், கல்யாணமும் இல்லேன்னு ஆயிருச்சு என்றார் அண்ணன். யாரிடமோ கணக்குக் கேட்பதுபோல் இல்லை. வயலைப் பார்த்துச் சொன்னார்.

அறுப்பு தொடங்கியது. தலைவன் இல்லாத சங்கம் நான்கு நாள் தாக்குப்பிடித்தது. ஐந்தாம் நாள் எல்லாரும் பழைய கூலிக்கே அரிவாளை எடுத்தார்கள். மூன்று பேர்மேல் பொய் வழக்கு விழுந்தது. மூவரும் என் சபையார். நான் சிறைக்குப் போய் அவர்களுக்கு ஜெபித்துவிட்டு வந்தேன்.

அறுப்பு முடிந்த வாரம் பாதையைப் பற்றிக் கேட்கப் பண்ணையார் வீட்டுக்குப் போனேன். யாரோ நெல் வியாபாரி நாற்காலியில் இருந்தார்.

“என்ன ஞானமுத்து. அப்பறம் வா” என்றார் பண்ணையார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்ததை எண்ணிச் சிரிக்கத் தோன்றுகிறதா? சிரி. எனக்கு வழக்காடும் உரிமை இல்லை. பாதை வந்தது, அடுத்த தேர்தலுக்கு முன்னால், ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்கு. கட்சி இரண்டாக உடைந்தபோது பண்ணையார் ஒரே வாரத்தில் மறுபடி துண்டு மாற்றினார். நான் சீட்டைக் கிழித்துப் போட்டேன். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று?

எஸ்தர் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் கோயிலில் பாய்களைத் தட்டி விரித்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு காகிதம். மடிப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாமுவேல் குத்தாலம் வந்து, அவள் தையல் கற்கும் இடத்தில் அவளைப் பார்த்து, இது நிஜமா என்று கேட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் அவனுக்குப் பதில் சொல்லவில்லையாம். ஊரார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன் என்று சொல்லக்கூடியவனாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டான் அல்லவா?

நான் ஏதேதோ சொன்னேன். சபை... கட்சி... சாத்தானின் தந்திரம்... நான் நினைக்கவேயில்லை... அவள் முழுவதும் கேட்டாள். பிறகு பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

“அப்பாட்ட சொல்லமாட்டேன் சித்தப்பா. சொன்னா உங்கள வெட்டிருவாரு. ஜெயிலுக்குப் போயிருவாரு. உங்களுக்காக எங்கப்பா ஏன் ஜெயிலுக்குப் போவணும்? நீங்க பிரசங்கம் பண்ணுங்க. நான் முன்னால உக்காந்து கேக்குறேன்.”

சொன்னபடி செய்தாள். ஞாயிறுதோறும் பெண்கள் பக்கத்து முதல் பாயில் வந்து உட்கார்ந்தாள். கீர்த்தனை எடுத்துக் கொடுக்கவில்லை. உதடே அசையவில்லை. என்னைப் பார்த்தபடி இருந்தாள். நான் அன்பைப் பற்றிப் பேசினாலும் பார்த்தாள், நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசினாலும் பார்த்தாள். ஐயர் திருவிருந்து கொடுக்க வரும் ஞாயிறுகளில், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான் வரிசையில் வருவேன். என் முறை அவளை நெருங்கும்போது எழுந்து வெளியே போவாள்.

நான் அவளை வெறுத்தேன். கேட்கிறாயா? நான் பெயரைக் கெடுத்த பெண்ணை நானே வெறுத்தேன்! அவள் வராமல் இருந்தால் போதும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். அவள் காய்ச்சலில் படுத்தாள் என்று கேட்ட ஞாயிறு, எவ்வளவு சுகமாகப் பிரசங்கித்தேன் தெரியுமா?

ஒரு வருடம் கழித்து அவள் வருவது நின்றது. பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவரை, வேதத்தில் இல்லாதவரை, கொடிமரத்தடியில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டாள். தகப்பன் பிடுங்கிய கொடியை மகள் பிடித்தாள். நடவுப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் நடத்தினாள். அரை மரக்கால் என்ன, அதற்கு மேலும் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

சபைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ‘மார்க்கம் விட்டு விலகியவள்’ என்று எழுதினேன். என் கையால். அதே பேனாவாகக்கூட இருக்கலாம்.

இனி நீ என்னைக் கேட்பாய். கிறிஸ்தவன் கட்சியில் இருக்கக்கூடாதா? இருக்கட்டுமே! அண்ணன் இருந்தார், ஜெபித்துவிட்டுக் கொடியேற்றினார், அவருக்குள் இரண்டும் சண்டையிடவில்லை. நானும் இருந்தேன். கட்சிக்காரன் எழுதிய வரிக்குக் கீழே சபையின் முத்திரையைக் குத்தினேன். அண்ணனிடம் இருந்ததெல்லாம் ஒரு மூங்கிலும் ஒரு துணியும். என்னிடம் ஆண்டவரின் பெயரே இருந்தது. அதை எடுத்து அடித்தேன்.

அண்ணன் அதன்பின் இருபது வருடம் இருந்தார். சங்கத்துக்குத் திரும்பவில்லை. என்னிடம் ஒருநாளும் முகம் கோணவில்லை. கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். ஏர் பிடித்துக் காய்த்த கை.

“எஸ்தர சபைக்குத் திரும்பக் கொண்டாந்துரு தம்பி. நீ சொன்னா கேக்கும். ஒன்மேல அதுக்குப் பிரியம்.”

சொல்லியிருக்கலாம்! அப்போதாவது... சாகிற மனிதனின் நிம்மதியைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டேன். எனக்குத்தான் எப்போதும் ஒரு நல்ல பெயர் அகப்பட்டுவிடுகிறதே. கொண்டு வருகிறேன் அண்ணே என்றேன். அந்தப் பாதையில்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். இருபுறமும் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. பெட்டியில் ஒரு சொட்டுச் சேறு படவில்லை.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அப்பா சொன்னதைச் சொன்னேன்.

“வாரேன்” என்றாள். “என்னப் பத்தி எழுதுனீங்கல்ல... அத கோயில்ல நின்னு, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அன்னிக்கு வாரேன். நீங்க என்ட்ட மன்னிப்புக் கேக்க வேண்டாம். சொன்னாப் போதும்.”

அதற்கப்புறமும் பத்து வருடம் உபதேசியாராக இருந்தேன். ஐந்நூறு ஞாயிறு இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பீடத்தில் ஏறி நின்றேன். ஒவ்வொரு ஞாயிறும் வேறு எதையாவது சொன்னேன்.

போன வருடம் சபையின் ஆண்டுவிழா. கோயிலைப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். பாய் போய் பெஞ்சு வந்துவிட்டது. புதிய ஐயர் சிறுவயதுக்காரர். மூத்த உபதேசியார் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். எனக்கு எண்பது கடந்துவிட்டது. இதுதான் கடைசி என்று தெரிந்தது. எஸ்தரின் தம்பி மகனிடம் சொல்லி அனுப்பினேன். இந்த ஞாயிறு சொல்கிறேன், அவளை வரச்சொல் என்று.

அவள் வந்தாள்.

தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்கால் வலி போலிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைசி பெஞ்சில், ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வருடம் கழித்து அந்த வாசற்படியை மிதித்திருக்கிறாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் யாரென்றே தெரியாது.

ஐயர் என் பெயரைச் சொன்னார். கை தட்டினார்கள். இரண்டு வாலிபர்கள் என்னைத் தாங்கி மைக்கின் முன் நிறுத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனதில் நான்கு வரியும் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தேன். என் மகன் முதல் பெஞ்சில் இருந்தான், சபைச் செயலாளர். பேத்தி கைப்பேசியில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சால்வை கொண்டுவந்து தட்டில் வைத்திருந்தார்கள். எல்லா முகங்களிலும் மரியாதை... நீ அந்த இடத்தில் நின்று பார். இல்லை, வேண்டாம். நீ என் இடத்தில் நிற்க வேண்டாம்.

எல்லாரும் எழுந்து கீர்த்தனை பாடுவோம் என்றேன். பாட்டின் எண்ணைச் சொன்னேன்.

சபை எழுந்தது. ஆர்மோனியம் முன்னால் ஓடியது. அவளும் எழுந்தாள், பாட அல்ல. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெஞ்சின் முதுகைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனாள். படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கடைசிச் சரணம்வரை பாடினேன்.